கைகூப்பும் தேசங்கள் – 9: பெற்ற பிள்ளையைக் கும்பிடும் அம்மா

தாய்லாந்துக் கிராமங்களில் பையனுக்கு 20 வயது நிறைந்துவிட்டால் வீட்டில் ஒரு பேச்சு எழும்: "இந்த மழைக்காலத்துக்காவது துறவு எடுத்துக்கோ." ஆயுள் முழுக்க எடுக்கச் சொல்வதில்லை. புத்த பிக்குகள் ஊர் ஊராகப் போகாமல் ஒரே மடத்தில் தங்கும் மழைக்கால மூன்று மாதம் போதும். வேலையில் விடுப்பு கிடைக்காதவர்கள் சில நாட்களோடு முடித்துக்கொள்வதும் உண்டு. மகன் ஒருமுறையாவது காவி உடுத்தினால் அந்தப் புண்ணியம் பெற்றவளைச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

சடங்கு முடி இறக்குவதில் தொடங்கும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று மூத்தவர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு கற்றையை நறுக்கித் தாமரை இலையில் வைப்பார்கள். பிறகு தலையை முழுவதுமாக மழிப்பார்கள், புருவத்தையும் சேர்த்து. புருவம் போனதும் பழகிய முகமே அடையாளம் மாறிவிடும். அந்த முகத்தோடு, வெள்ளைத் துணி உடுத்தி, பையன் பெற்றவர்கள் முன்னால் தரையில் குனிந்து, இதுநாள்வரை செய்த பிழைகளையெல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி வணங்குவான். அம்மாக்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் அழுதுவிடுவார்கள்.

பிறகு கோயிலுக்குள் சடங்கு நடக்கிறது. அது முடிந்து காவியோடு வெளியே வருகிறவர் பிக்கு. இப்போது அம்மா தரையில் மண்டியிட்டுக் கைகூப்புகிறார், சற்று முன்பு தன் காலடியில் குனிந்திருந்த அதே பிள்ளையிடம். பிக்கு திருப்பிக் கும்பிடுவதில்லை. கும்பிடக் கூடாது. அம்மா ஏதாவது கொடுக்க வந்தால் கைநீட்டி வாங்குவதும் கூடாது. ஒரு துணியை விரித்து ஓரத்தைப் பிடித்துக்கொள்வார். பொருளை அதன்மேல் அம்மா வைப்பார். மூன்று மாதம் கழித்துக் காவியைக் களைந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பழைய முறை திரும்பிவிடும். மகன்தான் முதலில் கைகூப்ப வேண்டும்.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த வணக்கங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். கும்பிடுகிறவரைவிடக் கும்பிடு வாங்குகிறவருக்கு இங்கே கடமை அதிகம். பிக்கு காக்க வேண்டிய விதிகள் 227. மதியத்துக்குமேல் உணவு இல்லை என்பதிலிருந்து, எப்படி உட்கார வேண்டும் என்பதுவரை அதில் அடக்கம். அந்த விதிகளை இந்தப் பிள்ளை காப்பான் என்று நம்பித்தான் அம்மாவின் கை குவிகிறது. அவ்வளவு பெரிய கும்பிடை ஒருவன் சும்மா வாங்கிக்கொள்ள முடியாது.

தாய்லாந்தில் இந்தக் கைகூப்பலுக்கு 'வாய்' என்று பெயர். இந்தியாவின் அஞ்சலி முத்திரை புத்த மதத்தோடு போய் அங்கே ஊன்றி, தனக்கென்று ஓர் இலக்கணத்தை வளர்த்துக்கொண்டது. பள்ளிக்கூடத்திலேயே அதன் அளவைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. புத்தர் சிலைக்கும் பிக்குகளுக்கும் என்றால் கட்டைவிரல் இரு புருவங்களின் நடுவில் வரும், ஆள்காட்டி விரலின் நுனி நெற்றி மயிரைத் தொடும். பெற்றோர், ஆசிரியர், ஊர்ப் பெரியவர்களுக்குக் கட்டைவிரல் மூக்கு நுனியில். மற்ற மரியாதைக்குரியவர்களுக்கு முகவாயில். முழங்கை விரியக் கூடாது, உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். கையை மேலே தூக்கிக்கொண்டு போவதைவிடத் தலை இறங்கிவந்து கையைச் சந்திப்பதுதான் அழகான 'வாய்'. கூடவே ஆண்கள் "சவாதி க்ரப்" என்பார்கள். பெண்கள் "சவாதி கா" என்பார்கள்.

வயதில் இளையவர்தான் முதலில் கைகூப்ப வேண்டும். பெரியவர் அதை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாகக் கையை மார்பளவில் குவித்துக் காட்டுவார். இதற்கு 'ரப் வாய்' என்று தனிப் பெயரே உண்டு. வாங்குவதையும் ஒரு செயலாக மதித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். வயது வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் பெரியவர் தலையசைத்துப் புன்னகை செய்தால் போதும். கண்டுகொள்ளாமல் போவதுதான் குற்றம். குழந்தை கும்பிட்டும் பார்க்காததுபோலப் போகிற பெரியவரைப் பற்றி அந்த ஊரில் நல்லவிதமாகப் பேசமாட்டார்கள்.

பாங்காக்குக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஓட்டல் வரவேற்பில் நிற்கும் பெண் கும்பிட்டால் புன்னகையோடு தலையசைத்தாலே மரியாதை நிறைந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு நாம் முந்திக்கொண்டு கும்பிடு போட்டால் அவர்கள் கூச்சப்படுவார்கள். இரண்டு கையிலும் பை இருந்தால் தலையை மட்டும் தாழ்த்தலாம். பிக்குவிடம் கைகுலுக்கக் கை நீட்டவே வேண்டாம்.

நகரத்தின் வேகத்திலும் இந்தப் பழக்கம் தேயவில்லை. நெரிசலில் டாக்சி ஊர்ந்துகொண்டிருக்கும். வழியில் ஒரு சாமி மாடம் வந்ததும் ஓட்டுநரின் இரண்டு கையும் ஒரு நொடி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மார்புக்கு வரும். மெக்டொனால்ட்ஸ் கடை வாசலில் நிற்கிற ரொனால்டு பொம்மைகூடத் தாய்லாந்தில் கைகூப்பியபடிதான் நிற்கிறது. சீலோம் சாலையில் 1879-ல் தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'வாட் கேக்' என்பார்கள். அங்கே தமிழர்களைவிடத் தாய்லாந்து பக்தர்கள்தான் அதிகம் தென்படுவார்கள். அம்மன் முன்னால் அவர்கள் குவிக்கும் கையைப் பார்த்தால், கட்டைவிரல் சரியாகப் புருவ நடுவில் இருக்கும்.

இந்த வணக்கம் முழு அழகோடு வெளிப்படுவது பள்ளிக்கூடங்களில். 'வாய் க்ரூ' என்பது குரு வணக்க நாள். கல்வியாண்டு தொடங்கிய பிறகு, பெரும்பாலும் ஜூன் மாதத்தில், ஒரு வியாழக்கிழமை பார்த்து நடத்துவார்கள். வியாழன் குருவின் நாள் என்பது நமக்கும் தெரிந்த கணக்குதான். பிள்ளைகள் முந்தின நாளே உட்கார்ந்து பூத்தட்டு ஜோடிப்பார்கள். கால் வைத்த தட்டில் வாழையிலையை மடித்து, பூக்களைக் குத்தி, ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் வைத்து, கோபுரம்போல உயர்த்திக் கட்டுவார்கள். எந்த வகுப்பின் தட்டு அழகு என்று போட்டியே நடக்கும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது தலைமுறைகளாக வருகிற வழக்கம். முதலில் அறுகம்புல். நம் ஊர் வரப்பில், பிள்ளையார் தலையில் பார்க்கிற அதே புல்தான். எத்தனை பேர் மிதித்தாலும், வெயிலில் காய்ந்தாலும், ஒரு மழை கண்டால் தழைத்துவிடும். படிப்பும் அப்படித் தழைக்க வேண்டும் என்று வைக்கிறார்கள். அடுத்தது இட்லிப்பூ. அதன் மொட்டு ஊசிபோலக் கூர்மையாக இருப்பதால், புத்தி கூர்மையாக வேண்டும் என்பதற்கு. மூன்றாவது கத்தரிப்பூ. அது தலைகவிழ்ந்தே பூக்கும். கற்க வருகிறவன் பணிவோடு வர வேண்டும் என்பதற்கு அது. நாலாவது நெல்பொரி. சட்டிக்குள் இருக்கும்வரை நெல் வெடித்துப் பொரிகிறது, வெளியே சிதறினால் வீண். ஒழுங்குக்குள் நின்றால்தான் பூக்க முடியும் என்று பிள்ளைகளுக்கு விளக்குவார்கள்.

இவற்றில் விலை கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் இல்லை என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. அறுகும் கத்தரிப்பூவும் ஏழை வீட்டுக் கொல்லையிலும் கிடைக்கும். குருவுக்குச் செலுத்தும் மரியாதையில் பணக்காரப் பிள்ளை முந்திக்கொள்ள இடமே வைக்காமல் யாரோ யோசித்து வகுத்திருக்கிறார்கள். இன்றைக்குக் கடைகளில் ஆயத்தத் தட்டுகள் கிடைக்கின்றன, விலையும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம்தான்.

ஆசிரியர்கள் மேடையில் வரிசையாக நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். வகுப்புப் பிரதிநிதிகள் தட்டோடு முழங்காலிலேயே நகர்ந்து போய்க் கொடுத்துவிட்டு, குவித்த கையைத் தரையில் வைத்து அதன்மேல் நெற்றி படும்படி ஒருமுறை வணங்குவார்கள். இதற்கு 'க்ராப்' என்று பெயர். புத்தருக்கு என்றால் இரண்டு உள்ளங்கையும் தரையில் படிய, இரண்டு முழங்கால், இரண்டு முன்கை, நெற்றி என ஐந்து அங்கமும் மண்ணில் பட, மூன்று முறை. மனிதருக்கு என்றால் கை குவிந்தே இருக்கும், ஒரே ஒரு முறை. புத்தருக்கும் மனிதருக்கும் நடுவே அந்த ஒரு கோட்டை மறக்காமல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் தட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையை வாழ்த்துவார்.

குத்துச்சண்டை வளையத்திலும் இதே குருவணக்கம்தான். 'முவாய் தாய்' வீரர் சண்டைக்கு முன்னால் வளையத்தைச் சுற்றிவந்து, நடுவில் மண்டியிட்டு மூன்று முறை வணங்கி, மெல்ல ஆடுவார். தலையில் இருக்கும் புனித வளையத்தை அவருடைய குரு வந்து கழற்றிய பிறகுதான் முதல் மணி அடிக்கும். 'கோன்' முகமூடி நாடகக்காரர்களும் நடனக் கலைஞர்களும் தங்கள் குருபூசையில் முனிவர் முகமூடி ஒன்றை உயரத்தில் வைத்து வணங்குவார்கள். அந்த முனிவர் பரதர். நாட்டிய சாஸ்திரத்தின் பரத முனிவரேதான்.

தமிழோடு இருக்கிற தொடர்பு இன்னும் ஆழமானது. பாங்காக்கில் 1784-ல் கட்டிய தேவஸ்தானம் என்ற கோயிலில் அரசவைப் பிராமணர்கள் இருக்கிறார்கள். தங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. மார்கழியை ஒட்டி அவர்கள் நடத்தும் விழாவின் பெயர் 'திரியம்பாவாய் – திரிபாவாய்'. திருவெம்பாவையும் திருப்பாவையும் உருமாறி அங்கே வாழ்கின்றன. அந்த விழாவுக்கான பெரிய ஊஞ்சலின் சிவப்புத் தூண்கள் இன்றும் நகர நடுவில் நிற்கின்றன. ஊஞ்சலாடுவது 1935-ல் நின்றுபோனது. பொருள் விளங்காமலேயே அந்தப் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாக ஓதிக் காத்தவர்கள் அவர்கள். அவர்களுக்குத்தான் நாம் கைகூப்ப வேண்டும்.

இத்தனை அழகான ஒரு வணக்கத்துக்குப் பக்கத்திலேயே வேறொரு வழக்கமும் அந்த நாட்டில் இருந்தது. அதையும் பேசாமல் விட்டால் இந்த வாரக் கட்டுரை பாதி உண்மையோடு நின்றுவிடும்.

சயாம் என்று அழைக்கப்பட்ட அன்றைய தாய்லாந்தில் மேலோர் முன்னால் கீழோர் நிற்கக் கூடாது. முழங்காலும் முழங்கையும் தரையில் பட ஊர்ந்துதான் போக வேண்டும், படுத்தவாக்கில்தான் பேச வேண்டும். 1822-ல் ஆங்கிலேயத் தூதராக பாங்காக்குக்கு வந்த ஜான் கிராஃபர்ட் அரசவையில் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். மன்னர் முன்னால் தரையோடு தரையாகக் கிடந்த அமைச்சர், தன் மாளிகைக்குத் திரும்பியதும் உயரே அமர்ந்துகொள்வார். அவருடைய அதிகாரிகள் அவர் முன்னால் ஊர்வார்கள். அவர்கள் வீட்டில் அவர்களுடைய வேலையாட்கள் ஊர்வார்கள். மேலே பட்ட அவமானத்தை ஒவ்வொருவரும் கீழே ஒருவர்மேல் இறக்கிவைத்த ஏணி அது. கும்பிடு வாங்கியவருக்கு அங்கே எந்தக் கடமையும் இல்லை.

அந்த ஏணியின் உச்சியில் இருந்தவரே அதைச் சாய்த்தார் என்பதுதான் சயாம் வரலாற்றின் பெருமை. சுலாலங்கார்ன் மன்னர் 1868-ல் அரியணை ஏறியபோது அவருக்கு வயது 15. ஆட்சி ஒரு பிரதிநிதியின் கையில் இருந்தது. அந்த இடைவெளியில் இளைஞர் பயணம் போனார். 1871-ல் சிங்கப்பூரும் ஜாவாவும். அந்த ஆண்டின் இறுதியில் கிளம்பி, பினாங்கு, ரங்கூன் வழியாக இந்தியா வந்து, கல்கத்தா, டெல்லி, ஆக்ரா, பம்பாய் என்று சுற்றினார். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் எப்படி நிர்வாகம் நடத்துகிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம். அந்த ஊர்களின் அலுவலகங்களில் மேலதிகாரியிடம் நின்றுகொண்டு பேசுகிற மனிதர்களை அவர் பார்த்திருப்பார்.

20 வயது நிறைந்ததும், 1873 நவம்பர் 16 அன்று அவருக்கு இரண்டாம் முடிசூட்டு விழா நடந்தது. இந்த முறை முழு அதிகாரத்தோடு. இளவரசர்களும் பிரபுக்களும் அதிகாரிகளும் வழக்கம்போலத் தரையில் கவிழ்ந்து கிடந்தார்கள். அப்போது ஓர் அரசாணை வாசிக்கப்பட்டது. தரையில் விழுந்து கிடப்பதும் ஊர்ந்து போவதும் இனி இல்லை. இந்த வழக்கம் ஒடுக்குமுறையின் அடையாளம், நாட்டுக்கு இதனால் ஒரு நன்மையும் இல்லை. இனி எழுந்து நின்று தலைதாழ்த்தி வணங்கினால் போதும் என்பது அதன் சாரம். வாசித்து முடித்ததும் கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று குனிந்து வணங்கினார்கள்.

அந்த நிமிடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மன்னர் இருக்கும் அவையில் வாழ்நாளில் நிமிர்ந்து நின்றிராத கிழவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். முழங்காலை ஊன்றி எழுந்தவர்களுக்கு மன்னரின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது அச்சமாகக்கூட இருந்திருக்கலாம். தன் முன்னால் பிறர் விழுவதால் வரும் சுகத்தை 20 வயதில் ஒருவர் தானே முன்வந்து துறக்கிறார்! அடுத்த ஆண்டே அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1905-ல் அது முற்றாக முடிந்தது. இரண்டையும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகளாகத்தான் நான் பார்க்கிறேன்.

ஆனால் 20-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசவையில் தரையில் அமர்வதும் தவழ்வதும் திரும்பி வந்துவிட்டன. 1992 மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தளபதி சுச்சிந்தா பிரதமரானதை எதிர்த்து, சாம்லோங் தலைமையில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ராணுவம் சுட்டது, பலர் இறந்தார்கள். மே 20 இரவு பூமிபோல் மன்னர் இருவரையும் அழைத்துப் பேசியது தொலைக்காட்சியில் வந்தது. மன்னர் இருக்கையில் அமர்ந்திருக்க, பிரதமரும் போராட்டத் தலைவரும் அவர் முன்னால் தரையில் இருந்தார்கள். சண்டை ஓய்ந்தது, சில நாளில் சுச்சிந்தா பதவி விலகினார். ஓர் உள்நாட்டுப் போரைத் தடுத்த காட்சி என்று நாட்டில் பலர் அதை நன்றியோடு நினைக்கிறார்கள். அந்த நன்றியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த இரவில் உயிர் தப்பியவர்களுக்கு 1873-ன் அரசாணையைவிட அமைதிதான் பெரிது.

2016 நவம்பரில் நடந்தது வேறு வகை. பாங்காக்கில் ஒரு மோட்டார் சைக்கிள் தொலைக்காட்சிப் பிரபலம் ஒருவரின் காரில் இடித்துவிட்டது. அந்தப் பிரபலம் மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞரைத் தாக்கி, "என் காரைக் கும்பிடு" என்று மிரட்டி, காருக்கு முன்னால் தரையில் குனிந்து வணங்க வைத்தார். யாரோ எடுத்த வீடியோ பரவி நாடே கொதித்தது. பிரபலம் வேலையை இழந்தார். அடித்ததற்கு வந்த கோபத்தைவிட, புத்தருக்கும் பெற்றோருக்கும் உரிய வணக்கத்தை ஓர் இரும்புப் பெட்டிக்குச் செய்ய வைத்துவிட்டானே என்பதற்கு வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. 'க்ராப்' என்பதைத் தாய்லாந்து மக்கள் எத்தனை உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கும்பிடைப் பிடுங்கி வாங்கியவரை ஊர் மதிக்கவில்லை. கும்பிட நேர்ந்தவர் பக்கம்தான் நின்றது.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமானது. பாங்காக்கின் புகழ்பெற்ற சுலாலங்கார்ன் பல்கலைக்கழகம் அந்த மன்னரின் பெயரைத் தாங்கியது. வளாகத்தில் அவருடைய சிலையும் அவர் மகனின் சிலையும் இருக்கின்றன. புதிய மாணவர்கள் அந்தச் சிலைகளுக்கு முன்னால் தரையில் விழுந்து வணங்கி உறுதிமொழி எடுப்பது வழக்கம். தரையில் விழுவதை ஒழித்தவரின் சிலைக்கு முன்னால் விழுவதா என்று ஒரு சிலர் கேட்டார்கள். அப்போது மாணவர் பேரவைத் தலைவராக இருந்த நெதிவித் அவர்களில் ஒருவர். அன்றைக்கு அவரும் சில நண்பர்களும் எழுந்து நின்று, தலைதாழ்த்தி வணங்கிவிட்டு வெளியேறினார்கள். ஓர் ஆசிரியர் ஓடிவந்து அந்த மாணவர்களில் ஒருவரின் கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்த படம் பத்திரிகைகளில் வந்தது. நெதிவித் பேரவைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

அவர்கள் மரியாதை செய்ய மறுத்ததாகப் பலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 1873-ல் அந்த மன்னர் எப்படி வணங்கச் சொன்னாரோ, அச்சு அசலாக அப்படித்தான் அவர்கள் அவரை வணங்கினார்கள்.

அடுத்த வாரம், இளம் சுலாலங்கார்ன் 1871-ல் கப்பலேறிப் போன ஜாவாவுக்கு நாமும் போகிறோம். அங்கே அரண்மனைகளில் குவித்த கையை முகத்தருகே கொண்டுபோகும் 'செம்பா' காத்திருக்கிறது.

(தொடரும்)